மூலையில்லாத அறை

திருவலத்துக்கு இந்தப் பக்கம்
பொன்னையாறு மணலாக மட்டும் கிடக்கிற இடத்தில்
பல்கலைக்கழகம் எட்டு ஏக்கர் பாறை கொடுத்தது.
பாறையை உடைக்க மூன்று மாதம்.
உடைக்கலாம் என்ற கடிதம் வர ஏழு.

வரைபடத்தில் அதன் பெயர்
நோய் எதிர்ப்பியல் ஆய்வு மையம்.
செங்கல் லாரிக்காரர் சீட்டில்
நோய் காலேஜ்.

இதற்கு முன் நான் கட்டியவை
கல்யாண மண்டபம் இரண்டு,
ராணிப்பேட்டையில் ஒரு தோல் கிடங்கு,
கசிகிற மேல்நிலைத் தொட்டி ஒன்று
(அது ஒப்பந்ததாரர் தவறு, என் கையெழுத்து).
தண்ணீரைத் தடுக்கத் தெரியும், ஓரளவு.
டாக்டர் ஜெபசீலி காற்றைத் தடுக்கச் சொன்னார்.
உள்ளே வருவது வரட்டும்,
வெளியே போவது சல்லடை வழியாக மட்டும்.
பிறகு, மூலை கூடாது.
மூலையில்தான் எதுவும் தங்கும்.
சுவர் தரையைத் தொடுகிற இடம்
உள்ளங்கைக் குழிபோல் வளைய வேண்டும்.

தேசிங்கு கொத்தனார் மூலைமட்டத்தைக் கீழே போட்டார்.
"முப்பது வருசமா இத வெச்சிதான் சோறு துன்றேன்.
மூலையே வாணாம்னா
இன்னாத்த புடிச்சிகினு நிக்கறது?"
மறுநாள் ஒரு சோடா பாட்டிலோடு வந்தார்.
ஈரப்பூச்சின் மேல் அதை உருட்டிக்கொண்டே
அறையை ஒரு சுற்று வந்தார்.
வளைவு வந்துவிட்டது.

மே மாதம்.
ஈரச் சாக்கு பத்து நிமிடத்தில் அப்பளமாகும்.
தண்ணீர் லாரி வராத இரண்டே நாளில்
கிழக்குச் சுவரில் மயிரிழை ஓடியது.
கை வைத்தால் தெரியாது,
வெயில் சாய்ந்தால் தெரியும்.

கட்டடம் முடியும்வரை மானியம் காத்திருக்காதாம்.
சிமெண்ட் கொட்டகையிலேயே ஒரு மேசை, ஒரு குளிர்பெட்டி,
அதற்கொரு ஜெனரேட்டர்.
ஒப்பிட்டுப் பார்க்க
நோயில்லாதவர் இருபது பேர் தேவை.
யாருக்கும் கட்டாயமில்லை என்று
இரண்டு முறை படித்துக் காட்டினார்கள்.
தேசிங்கு ஏழாம் எண்.

மூன்று வாரம் கழித்து அவரைக் கூப்பிட்டார்கள்.
"நீயும் வாம்மா, கணக்கு மாதிரி எதுனா சொல்வாங்க."
படத்தில், வலது நுரையீரலின் மேல்புறம்,
மிளகளவு ஒரு வெள்ளை.

காசநோய்க் கிருமி, என்றார் ஜெபசீலி.
செத்திருக்கலாம், தூங்கிக்கொண்டும் இருக்கலாம்.
உங்களுக்கு நோய் இல்லை,
உங்களிடமிருந்து யாருக்கும் ஒட்டாது.
உங்கள் ரத்தத்து அணுக்கள் அதைச் சுற்றி வளைத்து
ஒன்றோடொன்று நெருங்கி நின்று
சுவர் வைத்திருக்கின்றன.

கொட்டகைத் தகரம் வெயிலில் டப்பென்று விட்டது.

"எப்போ கட்டனது?"
தெரியாது. இருபது வருடம் இருக்கலாம்.
"இருவது வருசமா எனுக்குள்ள வேல நடக்குது,
எனுக்கே தெரியாது."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"வெடிப்பு வுடுமா?"

விடலாம். சர்க்கரை வந்தால்,
சாப்பாடு குறைந்தால், வயது ஏறினால்.
பலருக்குக் கடைசிவரை விடுவதே இல்லை.
விடாமலிருக்க மாத்திரை உண்டு, பேசலாம்.
ஏன் ஒருவருக்கு விடுகிறது,
பக்கத்தில் படுத்தவருக்கு விடவில்லை
என்பதுதான் எங்களுக்குத் தெரியாதது.
அதற்குத்தான்
நீங்கள் இதைக் கட்டுகிறீர்கள்.

அன்று சாயங்காலம் ஆட்கள் ஷேர் ஆட்டோ ஏறிய பிறகும்
அறைக்குள் உளிச் சத்தம்.
போய்ப் பார்த்தேன்.
நான் அளந்து, சரியென்று ஒப்பமிட்ட நாலடிப் பூச்சைக்
கொத்திக்கொண்டிருந்தார்.
எதற்கு என்று கேட்கவில்லை.
டார்ச் பிடித்தேன்.
ஒரு கையால் இடது தோளைத் தேய்த்துக்கொண்டேன்,
அம்மை ஊசியா, எந்த ஊசியோ,
சின்ன வயதில் போட்ட வட்டத் தழும்பை.

பாட்டில் உருண்டது.
"நாளைக்கு லாரி வராட்டி
கொடத்துல எடுத்தாந்து ஊத்தறேன்" என்றார்.

பதிவேட்டில் எழுதினேன்:
மறுபூச்சு, நாலடி. சிமெண்ட், அரை மூட்டை.
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
தணிக்கைக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார்.